இன்ஸ்டாகிராமே இல்லாத மாணவியின் இன்ஸ்டாகிராம் கணக்கு

குடியாத்தம் பக்கத்து அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் ஒன்பதாம் வகுப்பு படித்த மாணவி அவள். அவளுடைய பெயர், முகம், பள்ளியின் பெயர் எல்லாம் போட்டு இன்ஸ்டாகிராமில் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்கோ சொந்தமாக போனே கிடையாது. இன்ஸ்டாகிராமில் ஒருநாளும் கணக்கு தொடங்கியதும் கிடையாது. தெரியாதவரோடு பேசாதே, படம் போடாதே, பாஸ்வேர்டைச் சொல்லாதே என்று பள்ளிகளில் நாம் அடுக்கும் அறிவுரைகளில் ஒன்றைக்கூட அவள் மீறவில்லை. அப்படியும் மாட்டிக்கொண்டாள். இதை விரிவாக எழுத எனக்கு அதுவே காரணம். பிள்ளைகள் கையில் இருக்கும் போனைப் பற்றி எவ்வளவோ பேசிவிட்டோம். பள்ளியின் கையில் இருக்கும் போனைப் பற்றி பேச்சே எழுவதில்லை.

விஷயம் வெளியே வந்த பிறகு ஆலோசகராக என்னைக் கூப்பிட்டார்கள். மாணவி, பையன், பள்ளி என்று யாரையும் அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். பாதிக்கப்பட்ட பிள்ளையின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்கிறது, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவு. குற்றம் செய்ததாகச் சொல்லப்படும் சிறுவனுக்கும் அதே பாதுகாப்பைத் தருகிறது 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், 74-ஆம் பிரிவு. சட்டம் சொல்லாவிட்டாலும் மாற்றித்தான் எழுதியிருப்பேன்.

வீடு

பழைய வட ஆற்காட்டின் பகுதியான வேலூர் மாவட்டத்தை 2019-ல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாகப் பிரித்தார்கள். பிழைப்பு அப்படிப் பிரியவில்லை. குடியாத்தத்துப் பெண்கள் பேரணாம்பட்டுக்கும் ஆம்பூருக்கும் தோல், ஷூ கம்பெனி வேலைக்குப் போகிறார்கள். ஆண்கள் பெங்களூருக்கு ரயில் ஏறுகிறார்கள். ஊரில் இருப்பவர்களுக்கு லுங்கித் தறி, தீப்பெட்டி, பீடி.

இந்த மாணவியின் அம்மா ஷூ கம்பெனியில் வேலை செய்கிறார். கம்பெனி பஸ் விடியும்போதே வந்துவிடும், வீடு திரும்ப இருட்டிவிடும். அப்பா பெங்களூரில் கட்டட வேலை. பகலில் வீட்டில் இருப்பவர் பீடி சுற்றும் ஆயா, அதாவது அப்பாவைப் பெற்றவர். கொரோனா சமயத்தில் ஆன்லைன் வகுப்புக்காகத் தவணையில் வாங்கிய போன்தான் அந்த வீட்டின் ஒரே போன். அதுவும் பகலெல்லாம் அம்மாவோடு கம்பெனிக்குப் போய்விடும்.

படம் போன வழி

மழைக்காலம் தொடங்குவதற்கு முன், பள்ளியின் ஜூனியர் ரெட் கிராஸும் தேசிய பசுமைப் படையும் சேர்ந்து கவுண்டன்யா ஆற்றங்கரையில் பனை விதை நட்டார்கள். 2021 நவம்பர் வெள்ளத்தைப் பார்த்த ஊர் என்பதால் கரையில் பனை வைப்பது இங்கே ஒப்புக்குச் செய்யும் வேலை கிடையாது. பெற்றோர் சிலரும் மண்வெட்டியோடு வந்து சேர்ந்தார்கள். வேலை முடிந்ததும் பிள்ளைகளை ஒவ்வொருவராக நிறுத்தி, கையில் விதையோடு படம் எடுத்தார்கள். அன்று இரவே அவை பள்ளியின் ஃபேஸ்புக் பக்கத்தில் ஏறின. ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் பிள்ளையின் பெயர், இனிஷியல், வகுப்பு. பக்கத்தை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

இதைச் செய்த ஆசிரியரைக் குறை சொல்வது சுலபம். அவரிடம் பேசியபோது கிடைத்த கதை வேறு. எந்த நிகழ்ச்சி நடந்தாலும் அன்றைக்கே போட்டோவோடு அறிக்கை போக வேண்டும். போட்டோ இல்லாவிட்டால் நிகழ்ச்சியே நடக்கவில்லை என்று ஆகிவிடும். ஆசிரியரின் சொந்த போனில் எடுத்த படம் வாட்ஸ்அப் குழுக்களுக்குப் போகிறது. குழுவில் உள்ள ஒருவர் அதை ஸ்டேட்டஸ் வைக்கிறார். உள்ளூர்ச் செய்திப் பக்கம் ஒன்று எடுத்துப் போடுகிறது. பெற்றோரும் பெருமையாகப் பகிர்கிறார்கள். ‘நம்ம ஸ்கூல்லயும் வேலை நடக்குது சார், நாலு பேருக்குத் தெரியட்டுமேன்னுதான் போட்டேன்’ என்றார் அவர். அரசுப் பள்ளியின் மேல் உள்ள இளக்காரத்தைத் துடைக்க அந்த ஆசிரியர்கள் படும் பாடு எனக்குத் தெரியும். அந்த வார்த்தையில் பொய் இல்லை. ஆனால் முகம், முழுப்பெயர், வகுப்பு, பள்ளி நான்கும் ஒரே இடத்தில் தெளிவாகக் கிடைத்துவிட்டால், போலிக் கணக்கு தொடங்குகிறவனுக்குத் தேட வேண்டியது எதுவும் மிச்சமில்லை.

பெற்றோரிடம் ஒப்புதல் வாங்கவில்லையா என்று கேட்டேன். ஆண்டுத் தொடக்கத்தில் வாங்கிய படிவம் இருந்தது. ‘பள்ளி நிகழ்ச்சிகளில் பங்கேற்கச் சம்மதம்’ என்று ஒரே வரி. ஆற்றங்கரைக்கு அனுப்பச் சம்மதித்ததை, படத்தை ஊருக்குக் காட்டவும் சம்மதித்ததாக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவரைக் குழந்தை என்கிறது, அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. சட்டத்தை விடுங்கள், அந்த அம்மாவுக்கு அப்படி ஒரு ஃபேஸ்புக் பக்கம் இருப்பதே தெரியாது.

வயிற்றுவலி

போலிக் கணக்கு முதலில் அவள் வகுப்புப் பையன்களுக்கும் பத்தாம் வகுப்புப் பையன்களுக்கும் ஃபாலோ கேட்டது. அவள் பேசுவது போலவே சாட் செய்தது. சில நாள் கழித்து, அவள் முகத்தை வேறொரு உடம்போடு ஒட்டிய படம் ஒன்று வந்தது. போனில் இலவசமாகக் கிடைக்கும் செயலி போதும் இதற்கு.

அவளுக்கு இது தெரியவந்த விதம் கொடுமையானது. காலை வழிபாட்டுக் கூட்டத்தில் வரிசையில் நிற்கும்போது பின்னால் இருந்து அந்தப் பயனர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். முதல் நாள் புரியவில்லை. அப்புறம் ஒரு தோழி சொல்லிவிட்டாள்.

அதன் பிறகு திங்கட்கிழமைதோறும் வயிற்றுவலி. கடைசி பெஞ்சு. மதியச் சாப்பாட்டில் பாதி தட்டிலேயே. வகுப்பாசிரியை கவனிக்காமல் இல்லை. முகம் வெளுத்திருப்பதைப் பார்த்து ரத்தசோகை என்று நினைத்து, வியாழக்கிழமை தரும் சத்து மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாளா என்று விசாரித்திருக்கிறார். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் அனுப்பியிருக்கிறார். வட ஆற்காட்டுப் பள்ளிகளில் வேலை செய்யும் எவரும் அப்படித்தான் நினைப்பார்கள், பல நேரம் அது சரியாகவும் இருக்கும். வயிற்றுவலி என்று வரும் வளரிளம் பெண்ணிடம் ‘சாப்பிட்டியா’ என்று கேட்பதோடு ‘யாராவது எதையாவது சொல்லிக் கூப்பிடுகிறார்களா’ என்றும் கேட்கலாம். அவ்வளவுதான் என் யோசனை.

அவள் யாரிடமும் சொல்லாததற்கு இரண்டு காரணம் இருந்தது. இரண்டையும் அவளே பிறகு விளக்கினாள்.

முதல் காரணம், அதற்குச் சில வாரம் முன்பு பள்ளியில் நடந்த விழிப்புணர்வுக் கூட்டம். பேச வந்தவர் நல்ல எண்ணத்தோடுதான் வந்திருப்பார். ‘பொண்ணுங்க கையில போன் இருந்தா குடும்ப மானம் போச்சு, போட்டோ போடற பொண்ணுங்களுக்குத்தான் இந்தக் கதி வரும்’ என்று முழங்கிவிட்டுப் போயிருக்கிறார். இதைக் கேட்ட பெண், தன் படம் வெளியே வந்தால் என்ன நினைப்பாள்? நான் போடவில்லை என்றால் யார் நம்புவார்கள் என்றுதான். பல பள்ளிகளில் இப்படிப்பட்ட பேச்சு நடக்கிறது. மேடையில் இருப்பவர் பிள்ளைகளை எச்சரித்ததாக நினைத்து இறங்குகிறார். கீழே உட்கார்ந்திருக்கும் பிள்ளையோ வாயை மூடிக்கொள்ளக் கற்றுக்கொள்கிறது.

இரண்டாவது காரணம் வீடு. தெரிந்தால் படிப்பு நின்றுவிடும். அவளுடைய பெரியம்மா மகளுக்கு ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்திக் கல்யாணம் செய்துவைத்தார்கள், ஒரு காதல் பேச்சு அடிபட்டதற்காக.

பிள்ளைகள் புகாரை எழுதிப் போடும் ‘மாணவர் மனசு’ பெட்டி பள்ளியில் இருந்தது. தலைமை ஆசிரியர் அறை வாசலில், சிசிடிவி கேமராவுக்கு நேர் கீழே. அதில் ஒரு சீட்டைப் போட வேண்டுமானால் அலுவலக உதவியாளர், காத்திருக்கும் பெற்றோர், ஆசிரியர்கள் எல்லாரும் பார்க்க நடந்து போக வேண்டும். அந்தப் பெட்டிக்குள் பல மாதமாகக் கிடந்தவை கழிப்பறை பற்றியும் பந்து வேண்டும் என்றும் எழுதிய சீட்டுகள் மட்டுமே.

கடைசியில் அவள் சொன்னது சத்துணவு சமைக்கும் அக்காவிடம். தட்டு கழுவும் இடத்தில், கூட்டம் கலைந்த பிறகு.

‘இன்னாம்மா, நாலு நாளா சோறு அப்படியே கீது?’

‘அக்கா, அது நான் இல்லக்கா. எங்கிட்ட இன்ஸ்டாவே கிடையாது.’

அந்த அக்காவுக்கு இன்ஸ்டா என்றால் என்ன என்று சரியாகத் தெரியாது. ஆனால் அவர் செய்ததைப் பயிற்சி பெற்ற ஆலோசகர்கூட அவ்வளவு சரியாகச் செய்வாரா தெரியவில்லை. ‘நீ இல்லன்னா நீ இல்லதான்’ என்றார். ‘டீச்சர்கிட்ட நான் சொல்றேன், நீயும் கூட வா, நீ பேசவேணாம்’ என்றார். போலீஸ், சைபர், கணக்கு முடக்கம் எல்லாம் அப்புறம் வந்தவை. அந்த நான்கு வார்த்தை முன்னால் வராமல் இருந்திருந்தால் எதுவும் நடந்திருக்காது.

அன்று மதியம்

தலைமை ஆசிரியர் பதறிப்போனார். அறையில் மூன்று யோசனை ஒரே நேரத்தில் வந்தது. பையன்களைக் கூப்பிட்டு போனைப் பிடுங்கிப் பார்ப்பது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஆசிரியர் வாட்ஸ்அப் குழுவில் போட்டு ‘யாருக்காவது தெரியுமா’ என்று கேட்பது. ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசி முடிப்பது. மூன்றுமே பழக்கத்தில் வருகிற யோசனைதான். மூன்றுமே ஆபத்து.

குறிப்பாக அந்த ஸ்கிரீன்ஷாட். 2019 திருத்தத்துக்குப் பிறகு, குழந்தையைப் போலத் தோன்றும்படி மாற்றி உருவாக்கிய ஆபாசப் படமும் போக்சோ சட்டத்தின் வரையறைக்குள் வருகிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவு அத்தகைய படத்தை அனுப்புவதையும் இறக்கிவைப்பதையும் குற்றமாக்குகிறது. ஆதாரம் என்று நினைத்து அதைக் குழுவில் போட்டால், போட்டவரும் பரப்பியவர் ஆகிவிடுவார். குழுவில் இருக்கும் அத்தனை போனிலும் அந்தப் பிள்ளையின் படம் உட்கார்ந்துவிடும். செய்ய வேண்டியது கணக்கின் இணைப்பு முகவரி, பயனர் பெயர், பார்த்த தேதி, நேரம் இவற்றைத் தாளில் எழுதிவைப்பது. அந்த அறையில் இதைச் சொன்னவர் கணினி ஆசிரியர்கூட இல்லை, பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவியாக இருந்த ஒரு மாணவனின் அம்மா. மகளிர் சுயஉதவிக் குழுக் கூட்டம் ஒன்றில் கேட்டிருந்தாராம்.

பேசி முடிக்கலாம் என்ற யோசனையும் அதே கூட்டத்தில் செத்தது. போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி, குற்றம் நடந்தது தெரிந்த எவரும் காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்டால் 21-ஆம் பிரிவில் 6 மாதம் வரை சிறை. ‘ஊர் மானம்’ என்று பேசியவர்கள் இதைக் கேட்டதும் அமைதியானார்கள். வருத்தமான உண்மைதான், பிள்ளையின் நலனைச் சொன்னபோது அசையாதவர்கள் பிரிவு எண்ணைச் சொன்னதும் அசைந்தார்கள்.

குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு அழைத்தார்கள். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்து ஆள் வந்தார். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதிவு செய்தார்கள். சைபர் குற்ற உதவி எண்ணான 1930 பெரும்பாலும் பண மோசடிக்கு என்றே மக்களுக்குத் தெரிந்திருக்கிறது. பெண்கள், குழந்தைகள் தொடர்பான குற்றங்களுக்கு அந்தத் தளத்தில் தனிப் பகுதி இருக்கிறது. வாக்குமூலம் வாங்க வந்த பெண் உதவி ஆய்வாளர் சாதாரணப் புடவையில் வந்து, அவள் வீட்டிலேயே உட்கார்ந்து பேசினார். போக்சோ சட்டம் 24-ஆம் பிரிவில் சொல்வதும் அதுதான், சீருடை கூடாது, பிள்ளை விரும்பும் இடத்தில் வைத்துக் கேட்க வேண்டும். ஆயாவுக்கு அது பெரிய நிம்மதி. தெருவில் ஜீப் நிற்கவில்லை.

கணக்கை முடக்கச் சொல்லி இன்ஸ்டாகிராமுக்கும் புகார் போனது. ஆள்மாறாட்டம், ஒட்டுவேலை செய்த படம் ஆகியவற்றைப் பற்றிப் பாதிக்கப்பட்டவர் புகார் செய்தால் 24 மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும் என்று 2021 தகவல் தொழில்நுட்ப விதிகள் கெடு வைத்தன. அப்படி நீக்கியதை விசாரணைக்காக 180 நாள் வைத்திருக்கவும் சொன்னார்கள். அதனால் கணக்கு போய்விட்டால் ஆதாரமும் போய்விடுமே என்று பயந்து படத்தை விட்டுவைக்கத் தேவையில்லை.

‘டேக் இட் டவுன்’ என்று ஒரு சேவை இருக்கிறது, 18 வயதுக்குள் இருந்தபோது எடுத்த படங்களுக்கானது. படத்தை எங்கேயும் ஏற்றாமல், போனிலேயே அதற்கு ஒரு கைரேகை போன்ற எண் கணக்கிட்டு, அந்த எண்ணை மட்டும் சேர்ந்திருக்கும் தளங்களுக்குத் தருவார்கள். ஃபேஸ்புக்கும் இன்ஸ்டாகிராமும் அதில் இருக்கின்றன. வாட்ஸ்அப்பில் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போன படத்தை அதனால் பிடிக்க முடியாது. இதைப் பெற்றோரிடம் மறைக்காமல் சொன்னோம். எல்லாம் அழிந்துவிட்டது என்று பொய் வாக்குக் கொடுத்தால், அடுத்த மாதம் ஒரு போனில் அது முளைக்கும்போது நம்மையும் நம்ப மாட்டார்கள்.

அந்தப் பையன்

பத்தாம் வகுப்பு. பக்கத்துத் தெரு. பனை விதை நடும்போது அவனும் அங்கே மண் வெட்டிக்கொண்டிருந்தவன்தான். ‘சும்மா ஜாலிக்குத்தான்’ என்றான் முதலில். பிறகு, அவள் தன்னிடம் பேசவில்லை என்ற கோபம் வெளியே வந்தது. படத்தை ஒட்டித் தந்தது பள்ளியை விட்டு நின்ற இன்னொருவன்.

பள்ளியில் உடனே எழுந்த குரல் ‘டி.சி. கொடுத்து அனுப்பிடுங்க’. எனக்கு இதில் உடன்பாடில்லை. டி.சி. கொடுத்தால் பள்ளிக்கு நிம்மதி. அந்தப் பையன் பொதுத்தேர்வு எழுதாமல் தோல் கம்பெனியிலோ பெங்களூரிலோ போய் நிற்பான், செய்ததன் கனம் அவனுக்குக் கடைசிவரை தெரியாது. அதே தெருவில்தான் அவளும் இருப்பாள். அவன் விவகாரம் சிறார் நீதிக் குழுமத்தின் முன் போனது, அது அங்கேதான் போக வேண்டும். பள்ளி செய்ய வேண்டியிருந்தது வேறு: இருவரும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் இருக்கும்படி வைக்காமல் இருப்பது, தேர்வுக்கு அவனைத் தயார்ப்படுத்துவது, அவனை மன்னிக்கும்படி அவளை யாரும் வற்புறுத்தாமல் பார்த்துக்கொள்வது. இந்தக் கடைசி விஷயத்தில்தான் அதிகம் போராட வேண்டியிருந்தது. ஆசிரியர் ஒருவர் இருவரையும் எதிரெதிரே நிறுத்தி ‘அண்ணன் தங்கச்சியா இருங்க’ என்று முடித்துவைக்கப் பார்த்தார். தடுத்துவிட்டோம்.

அவனைவிட என்னை அதிகம் உறுத்தியவர்கள் மற்ற பையன்கள். ஃபாலோ வேண்டுகோள் வந்ததுமே அது அவள் இல்லை என்று பாதிப் பேருக்குத் தெரியும். ஒருவனும் சொல்லவில்லை. ஏன் என்று தனியாகக் கேட்டபோது ஒரே பதில்தான் வந்தது. சொன்னால் ‘உங்கிட்ட எப்படி போன் வந்தது’ என்றுதான் முதல் அடி விழும். போன் வைத்திருப்பதே குற்றம் என்ற பள்ளியில், போனில் நடக்கும் குற்றத்துக்குச் சாட்சி கிடைக்காது.

அதன் பிறகு

பள்ளி முதலில் தன் ஃபேஸ்புக் பக்கத்தைச் சுத்தம் செய்தது. பழைய ஆண்டு விழா, விளையாட்டு விழா, சுதந்திர தினம் எல்லாவற்றிலும் பெயரோடு முகம். நீக்க நீக்க வந்துகொண்டே இருந்தது. மற்றவர்கள் பகிர்ந்தது போக மிச்சத்தைத்தான் நீக்க முடிந்தது. இப்போது நிகழ்ச்சிப் படங்களைத் தூரத்திலிருந்தோ முதுகுப் பக்கமாகவோ எடுக்கிறார்கள். பெயர் போடுவதில்லை. அறிக்கைக்குப் போகும் படத்திலும் அப்படியே. ‘முகம் தெரியலையே’ என்று ஒருமுறை கேட்டார்களாம், தலைமை ஆசிரியர் காரணத்தை எழுதி அனுப்பினார். மேற்கொண்டு கேட்கவில்லை.

ஒப்புதல் படிவம் மூன்று கேள்வியாக மாறியது. நிகழ்ச்சிக்கு வரலாமா, படம் எடுக்கலாமா, படத்தைப் பொதுவில் போடலாமா. மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வாசித்துக் காட்டி வாங்கினார்கள். மூன்றாவதற்கு ‘வேண்டாம்’ என்றவர்களில் ஆசிரியர்கள் எதிர்பாராத பெயர்கள் நிறைய இருந்தன.

மனசுப் பெட்டி தண்ணீர்த் தொட்டி பக்கம் போனது. மாணவர் பாதுகாப்பு ஆலோசனைக் குழு என்று 2021-லிருந்து எல்லாப் பள்ளியிலும் இருக்க வேண்டிய குழு, இங்கே காகிதத்தில் இருந்தது. இப்போது கூடுகிறது, சத்துணவு அக்காவும் அதில் உறுப்பினர். போனைப் பற்றிப் புகார் சொல்ல வருகிறவனிடம் அந்த போன் எப்படி வந்தது என்று கேட்க மாட்டோம் என்று தலைமை ஆசிரியர் காலைக் கூட்டத்தில் அறிவித்தார். சில ஆசிரியர்களுக்கு இது பிடிக்கவில்லை. எனக்கு, மொத்த மாற்றத்தில் இதுதான் முக்கியமானது என்று படுகிறது. அதற்குப் பிறகுதான் பணம் கட்டும் விளையாட்டில் மாட்டிய ஒரு பையன் தானாக வந்தான்.

வீட்டில் ஆயா ‘போதும் படிச்சது’ என்றுதான் தொடங்கினார். அப்பா பெங்களூரிலிருந்து வந்து, பள்ளியில் உட்கார்ந்து முழுக்கதையையும் கேட்டார். தன் மகளிடம் போனே இல்லை, படம் போனது பள்ளியிலிருந்து என்று பள்ளியே ஒப்புக்கொண்டதுதான் அவரை மாற்றியது. தலைமை ஆசிரியர் அதை மழுப்பாமல் சொன்னார். அதற்குத் துணிச்சல் வேண்டும். மகள் படிப்பை நிறுத்த மாட்டேன் என்று அவர் அங்கேயே சொன்னார்.

வயிற்றுவலி குறைய நாளானது. தூக்கம் வராத இரவுகளில் கூப்பிட 14416 எண்ணைக் கொடுத்தோம், டெலி மானஸ் என்கிற இலவச மனநல உதவி. அம்மாவின் போனிலிருந்து சில முறை பேசினாள். ஜூனியர் ரெட் கிராஸுக்கு அவள் திரும்பி வரவில்லை. மறுபடி சேரச் சொல்லி ஆசிரியர்கள் அன்பாகத் தொந்தரவு செய்துகொண்டிருந்தார்கள், விடச் சொன்னேன். சேர்ந்தால்தான் குணமானாள் என்று அர்த்தமில்லை. பத்தாம் வகுப்புக்குப் போய்விட்டாள், கணக்கில் நல்ல மதிப்பெண் வாங்குகிறாள்.

தீராத சண்டை ஒன்று பாக்கி இருக்கிறது. பொதுத்தேர்வு முடிவு வந்ததும் முதல் மூன்று இடம் பிடித்தவர்களின் படம், பெயர், மதிப்பெண்ணோடு பள்ளி வாசலில் பிளக்ஸ் வைப்பது வழக்கம். புது விதிப்படி அது கூடாது என்கிறார் மேலாண்மைக் குழுத் தலைவி. ‘தனியார் பள்ளிக்காரன் ரோடு முழுக்க வைக்கிறான், நாங்க வைக்கலன்னா அடுத்த வருஷம் அட்மிஷன் எங்கே வரும்’ என்கிறார் உதவித் தலைமை ஆசிரியர். போன முறை கூட்டத்தில் முடிவாகவில்லை. பிள்ளைகளையே கேட்கலாம் என்று ஒத்திவைத்திருக்கிறார்கள்.